நல்ல ஜாக்கெட் பீரோவில் இருந்தது

என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போட மட்டும்தான். ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று சில இடத்தில் குழம்பும். நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேச எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

கோபத்தில் எழுதுகிறேன். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வருஷ மழைக்கு எங்கள் ஏரி நிரம்பிவிட்டது. திருவண்ணாமலைக்கு வெளியே, கீழ்பென்னாத்தூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஏரி. தண்ணீர் வற்றி மூடிக் கிடந்த போட் ஹவுஸைப் பொங்கலுக்குத் திறக்கப்போகிறார்களாம். பழைய மேனேஜரே வருகிறாராம். பால் வாங்கப் போன இடத்தில் இதே பேச்சு. "தங்கமான மனுஷன் வராரு, இனிமே ஏரிக்கரை களகட்டும்" என்று பால்காரர் சொல்ல, சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தங்கமான மனுஷன்தான் என் மருமகளை ஓட்டைப் படகில் உட்காரவைத்து நடு ஏரிக்கு அனுப்பினவர். என் மருமகள் பிழைத்துக்கொண்டாள். அதே படகுகளில் இந்தப் பொங்கலுக்கு யார் வீட்டுப் பிள்ளை உட்காரப்போகிறதோ?

அவர் பேரைச் சொல்லமாட்டேன். அவருடைய பெண்ணை இதே ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார். மனசு கொதித்தாலும் 'அவர்' என்றுதான் கை எழுதுகிறது. அப்படி ஒரு முகம் அவருக்கு. குங்குமப் பொட்டும், துவைத்து மடித்த சட்டையும், யாரைப் பார்த்தாலும் முதலில் "சாப்டியா?" என்று கேட்கிற வாயும். என்னை ஒரு நாளும் கூட்டுகிறவள் என்று நடத்தியது கிடையாது. "யக்கா" என்றுதான் கூப்பிடுவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் ஸ்கூட்டரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அந்த ஸ்கூட்டர் வாங்கி வருஷக்கணக்கு ஆகியிருந்தது. சீட்டின் மேல் கம்பெனிக்காரன் போட்ட பாலிதீன் அப்படியே இருந்தது. வெயிலில் உட்கார்ந்தால் சுடும். இறங்கும்போது புடவையோடு ஒட்டிக்கொண்டு வரும்.

புதுசு என்றால் அவருக்கு உசிர். ஒரு பொருள் புதுசாகவே இருக்கவேண்டும். அதற்காக அதைத் தொடாமல் இருக்கவும் தயார். ஒருமுறை ஆயுத பூஜைப் பொரி வாங்கிக்கொள்ள அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். டிவி ரிமோட்டுக்குக் கவர், அந்தக் கவருக்கு மேல் ரப்பர் பேண்ட். சோபாவின் மேல் பழைய போர்வை, அதற்கு அடியில் பாலிதீன். பிரிட்ஜ் கைப்பிடியில் துண்டு சுற்றியிருந்தது. நான் தரையில் உட்காரப்போனேன். அவர் வீட்டம்மா கையைப் பிடித்து இழுத்து சோபாவில் உட்காரவைத்தது.

"உக்காருக்கா, ஒண்ணும் ஆவாது. இந்த மனுஷன் வுட்டா என்னையும் கவர் போட்டு பீரோல பூட்டி வெச்சிருப்பாரு. சோறாக்க ஆளில்லன்னுதான் வெளிய வுட்டு வெச்சிருக்காரு."

அவரும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கிற விஷயமாகத்தான் அப்போது இருந்தது.

போட் ஹவுஸில் என் வேலை கூட்டுவது, லைஃப் ஜாக்கெட்டுகளை அலசிக் காயப்போடுவது, கிழிந்ததைத் தைப்பது. மிதிக்கிற படகுகள் சில இருந்தன. அவற்றோடு, ஒத்தை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற மஞ்சள் படகுகளும் இருந்தன. கயாக் என்பார்கள். எங்கள் வாயில் அது 'மஞ்ச போட்டு'. அவற்றைக் கொண்டுவந்து இறக்கின ஆள் ஒரு காலை முழுக்க எல்லோரையும் கரையில் நிற்கவைத்து விளக்கினார். நான் துடைப்பத்தோடு பின்னால் நின்று கேட்டேன்.

இந்தப் படகு உள்ளே குடம் மாதிரி வெறும் காலி என்றார் அந்த ஆள். அந்தக் காற்றுதான் ஆளைத் தாங்குகிறது. அடியில் வால் பக்கம் ஒரு திருகு மூடி. உள்ளே கசிந்த தண்ணீரை வடிக்க அதைக் கழற்றவேண்டும், வடித்ததும் இறுக்கி மூடவேண்டும், மூடி இல்லாமல் படகு கரையை விட்டு நகரவே கூடாது. ஜாக்கெட்டைப் போட்டுப் பட்டியை இழுத்துப் பூட்டின பிறகு, தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், காதைத் தாண்டி வந்தால் அது அவர்களுக்கு ஆகாது. ஜாக்கெட்டில் தொங்குகிற விசில் விளையாட்டுக்கு இல்லை, தண்ணீரில் கத்தினால் குரல் கரைக்கு வராது, விசில்தான் வரும். எறிகிற கயிறும் ஆரஞ்சு வளையமும் கைக்கு எட்டுகிற இடத்தில் பூட்டில்லாமல் தொங்கவேண்டும். யார் எந்தப் பக்கம் போகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்று கரையில் ஒருவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இதெல்லாம் மேனேஜருக்குத் தெரியாது என்று யாரும் நினைக்காதீர்கள். என் கோபமே அங்கேதான். அவருக்கு எல்லாம் மனப்பாடம். பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்த அன்று ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். ஆபீஸ் பீரோவைத் திறந்து, கவர் பிரிக்காத புது ஜாக்கெட்டுகளை எடுத்துப் பிரித்து, தன் கையாலேயே அதிகாரிக்குப் போட்டுவிட்டார். பட்டியை இழுத்தார். தோளைத் தூக்கிக் காட்டினார். "சார், காதைத் தாண்டல பாருங்க." அதிகாரி கைகொடுத்துவிட்டுப் போனார். ஜீப் கிளம்பின தூசு அடங்குவதற்குள் ஜாக்கெட்டுகளை ஈரத்துணியால் துடைத்து, அதே கவரில் போட்டு, பீரோவில் அடுக்கிப் பூட்டினார்.

மற்ற சனத்துக்கு வேறே ஜாக்கெட். முன்னே ஏதோ ஒரு ஏரியில் ஓடித் தேய்ந்தவை. உள்ளே இருக்கிற பஞ்சு கட்டி கட்டியாக இறங்கியிருக்கும். பக்கிள் உடைந்ததை நான்தான் தைப்பேன்.

ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சார், இதுல பக்கிளே இல்ல. பீரோல கீறதுல ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

"அத எடுத்தா அதுக்கும் இதே கதிதாங்க்கா. பௌர்ணமிக்கு மலை சுத்திட்டு வர்ற சனம், விபூதி, வேர்வை, எண்ணெ... ஒரே பௌர்ணமில கந்தலாயிடும். நீ ஒரு நாடா வெச்சுத் தெச்சுடேன்."

"பாவாட நாடாவா சார்?"

"எது கெட்டியோ அது. உன் தையலு கம்பெனித் தையல வுட ஜாஸ்தி கெட்டிக்கா."

புகழ்ந்தே வாயை அடைப்பார்.

விசில்களை முதல் வாரமே கத்தரித்துவிட்டார். ஆளாளுக்கு வாயில் வைத்து எச்சில் பண்ணுகிறார்களாம். கழுவி, துடைத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மேசைமேல் வைத்துக்கொண்டார். பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும். எறிகிற கயிற்றை எவனோ எடுத்துப்போய் மாட்டைக் கட்டிவிட்டான். திரும்பக் கிடைத்ததும் அதைச் சுருட்டி, முடிச்சுமேல் முடிச்சுப் போட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். சந்தனம் காய்ந்து முடிச்செல்லாம் கல்லாகிவிட்டது. ஆரஞ்சு வளையத்தைக் குளிப்பதற்குப் பக்கத்து ஊர்ப் பையன்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று சங்கிலி போட்டுப் பூட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்வார். அந்தக் காரணத்தில் பொய் இருக்காது. அதனால்தான் யாராலும் சண்டைபோட முடியவில்லை.

கடைசியாக மூடி. குழந்தை ஒன்று கரையில் கவிழ்த்துவைத்திருந்த படகின் மூடியைத் திருகி விளையாடித் தண்ணீரில் போட்டுவிட்டது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, சாவு விழுந்த வீடு மாதிரி. மறுநாளே எல்லாப் படகிலும் மூடியைக் கழற்றி, தேங்காயெண்ணெய் தடவி, மேசை டிராயரில் வைத்துவிட்டார். ஓட்டைகளில் பாலிதீனைச் சுருட்டி அடைத்து மேலே மெழுகுவத்தியை உருக்கி ஊற்றினார்.

நான் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. "சார், கொண்டாந்து எறக்குனவரு மூடி இல்லாம நவுரவே கூடாதுன்னாரே?" என்றேன்.

"மூடி எங்க போச்சு? டிராயர்ல பத்திரமா கீது. மெழுகுல ஒரு சொட்டு தண்ணி எறங்காதுக்கா. வெள்ளிக்கெழம தவறாம பூசணிக்கா சுத்தி ஒடைக்கிறோம். ஒண்ணும் ஆவாது."

எங்கள் பக்கத்தில் புது வண்டி வாங்கினால் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். நானும் வைத்திருக்கிறேன். ஆனால் வண்டிக்குப் பிரேக் இருக்கிறதா என்று எலுமிச்சம்பழமா பார்க்கும்?

என் மருமகள் வசந்தி வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். வாயாடி. நான் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசிவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஏரிக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் மேனேஜருக்கு ஒரே சந்தோஷம்.

"நம்ம வீட்டுப் பொண்ணு வந்திருக்குது. டிக்கெட்டெல்லாம் வாணாம், ஒரு ரவுண்டு போயிட்டு வா கண்ணு."

"எனக்கு நீச்சலே தெரியாது சார்" என்றாள் வசந்தி.

"போட்டுக்கு எதுக்கு நீச்சலு? பஸ்ல போறவன் ஓடத் தெரிஞ்சுக்கிட்டா போறான்?"

வசந்தி சிரித்துவிட்டாள். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். "அத்தே, நீ சொம்மா இரு, எதுக்கெடுத்தாலும் பயம்" என்றாள். நான் தைத்த நாடா ஜாக்கெட்டைத்தான் அவளுக்கு மாட்டினார்கள். தோளைத் தூக்கிப் பார்க்க யாருமில்லை. நான் கிட்டே போவதற்குள் படகைத் தள்ளிவிட்டார்கள்.

போகும்போது நன்றாகத்தான் போனாள். நடு ஏரியைத் தாண்டினதும் படகின் வால் தாழ்ந்து மூக்கு மேலே தூக்கியது. வெயிலில் மெழுகு இளகிக் கழன்றிருந்தது. அவள் துடுப்பை மாற்றி மாற்றிப் போடுகிறாள், படகு நகரவில்லை. உள்ளே தண்ணீர். கையை ஆட்டினாள். கரையில் ரேடியோ செட்டில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அவள் விளையாட்டுக்குக் கையாட்டுகிறாள் என்று மேனேஜர் பதிலுக்குக் கையாட்டினார். அடுத்த நிமிஷம் படகு பக்கவாட்டில் புரண்டது. ஜாக்கெட் அவளைத் தூக்குவதற்குப் பதிலாக அது மட்டும் மேலே ஏறி அவள் முகத்தை மூடிக்கொண்டது. என் தையல் அறுந்திருந்தது.

"ஐயோ, பொண்ணு!" என்று மேனேஜர் அலறிக்கொண்டு வளையத்துக்கு ஓடினார். பூட்டு. சாவிக்கொத்தில் எது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக நுழைத்தார். ஒருவன் கயிற்றைப் பிடித்து இழுத்தான். சந்தனக் கட்டிகள் உதிர்ந்தன, முடிச்சு அவிழவில்லை.

எங்கள் ஊரில் கிணற்றில் நீச்சல் பழக்கும்போது காலிக் குடத்தைத் தண்ணீரில் கவிழ்த்து அதன்மேல் படுக்கச் சொல்வார்கள். ஜாக்கெட் அலசுகிற இடத்தில் என் பிளாஸ்டிக் குடங்கள் இரண்டு இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. புடவை காலைச் சுற்றியது, உருவி விட்டுவிட்டேன். கிட்டே போய் ஒரு குடத்தை அவள் பக்கம் தள்ளினேன். "அத்தே, அத்தே" என்று அவள் குடத்தை விட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ரெண்டு பேரும் முழுகினோம். "கொடத்தப் புடிடீ, என்ன வுடு!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் கத்தினது அதுதான் முதல் தடவை. புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி மிதி படகில் இருந்தது. அந்தப் பிள்ளைகள்தான் மிதித்து வந்து எங்களைப் பிடித்துக்கொண்டன. பாதி வழியில் வளையம் வந்து விழுந்தது. அதில் கயிறு இல்லை.

கரையில் ஏறினபோது நான் பாவாடை ரவிக்கையோடு நின்றேன். மேனேஜர் தன் சட்டையைக் கழற்றி என்மேல் போர்த்தினார். குழந்தை மாதிரி அழுதார். வசந்தியின் தலையைத் துவட்டினார். என் காலில் விழப்போனார். அது நடிப்பில்லை, சத்தியமாக நடிப்பில்லை. நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் கோபம் தங்கியிருக்காது, அன்றைக்கே காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன்.

கரையில் நின்றவர்கள் வீடியோ எடுத்துவிட்டார்கள். ஊர் முழுக்க அதுதான் பேச்சு. கிழவி புடவையை அவிழ்த்துப்போட்டு டைவ் அடிச்சா என்று கடைவாசலில் சிரித்தார்கள். நான் ரொம்ப நாள் தெருவில் இறங்கவில்லை. மூடியைப் பற்றி ஒரு ஆள் கேட்கவில்லை. என் பாவாடையைப் பார்த்த கண் ஒன்றுகூடப் படகின் ஓட்டையைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்த மேனேஜர் வசந்தியின் கட்டிலருகே உட்கார்ந்து, "அண்ணாமலையாரு காப்பாத்திட்டாரு கண்ணு. பாரு, ஒண்ணும் ஆவல" என்றார். வசந்தி அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவள் மன்னித்துவிட்டாள். எங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினபோது முதல் பத்திரிகையே அவருக்குத்தான் வைத்தாள். நான் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். மறு வருஷம் ஏரி வற்றியது, போட்டும் நின்றது. படகுகளைத் துடைத்துக் கொட்டகையில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு மூடினார் என்று கேள்விப்பட்டேன்.

போன வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார். தலை நரைத்திருந்தது. அதே சிரிப்பு. வசந்தி காபி போட உள்ளே போனாள்.

"யக்கா, நீ வரணும். உன்ன மாதிரி ஜாக்கெட்டு தொவைக்க இந்த ஊர்ல ஆளில்ல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "போட்டு மூடிங்கல்லாம் இன்னா ஆச்சு சார்?"

அவர் முகம் மலர்ந்தது. "எல்லாம் அப்பிடியே கீதுக்கா! ஒண்ணுகூட தொலையல. வீட்டு பீரோல பத்திரமா வெச்சிருக்கேன்."

அதற்குமேல் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "பத்திரமா கீது, பத்திரமா கீது! பீரோல கீறது யாரு உசுர காப்பாத்தும்? உன் மூடிக்கு எண்ணெ தடவி வெச்ச, என் மருமவள தண்ணில வுட்ட. வெறும் சாமான்யா அது! தொலஞ்சா வேற வாங்கலாம். இவ தொலஞ்சிருந்தா இன்னாய்யா பண்ணியிருப்ப, எனக்கு வேற வாங்கிக் குடுத்திருப்பியா?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வசந்தி காபியோடு ஓடிவந்தாள்.

"அத்தே, இன்னா இது? வீட்டுக்கு வந்தவரப் போயி! சார், அவுங்களுக்கு வயசாயிடுச்சு, மனசுல வெச்சுக்காதீங்க."

"அக்கா திட்டலன்னா யாரு திட்டுவா" என்று அவர் காபியைக் குடித்து, தம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். அன்று முதல் தெருவில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பேர். வசந்தியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்கள், புதுசாக ரேடியோ செட் வந்திருக்கிறது என்கிறார்கள். அந்த மூடிகள் பீரோவை விட்டு வந்தனவா என்று யாரும் சொல்லவில்லை. நான் போய்ப் பார்க்கலாம் என்றால், கிழவி சண்டைக்கு வந்துவிட்டாள் என்று கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

நான் எழுதினதில் தப்பு இருக்கலாம். ஓட்டை வால் பக்கம் என்று எழுதினேன், இப்போது யோசித்தால் சில படகில் நடுவிலும் இருந்த மாதிரி தோன்றுகிறது. அவர் சொன்ன வார்த்தைகளும் முன்னே பின்னே இருக்கும். படித்தவர்கள் யாராவது ஏரிக்குப் போய்ச் சரிபார்த்து, தப்பை அடித்துத் திருத்துங்கள். அவரைக் கேட்காதீர்கள். கேட்டால் அழகாகச் சொல்வார், நீங்களும் கைகொடுத்துவிட்டு வந்துவிடுவீர்கள். ஒவ்வொரு படகாகக் கவிழ்த்து, ஓட்டையில் விரலை விட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் மூடி இருந்தால், நான் சொன்னது பொய் என்று அவர் வீட்டு வாசலில் நின்று ஊர் பார்க்க மன்னிப்புக் கேட்கிறேன்.

பொங்கலுக்கு முன்னால் போங்கள்.